வகுத்தற் குறியும் வாரக் கூலியும்

தமிழ் படித்தவர்க்குக் கணிப்பொறியால் ஆவதென்ன என்று எங்களைக் கேட்டவர் பலர். கேட்டவர்களுள் எங்கள் வீட்டாரும் அடக்கம். நாங்கள் மூவர், ஒருவர் தமிழும், ஒருவர் கணிதமும், மற்றவர் வணிகவியலும் பயின்றவர். பட்டம் கைக்கு வந்தும் வேலை கைக்கு வராத 1996ஆம் ஆண்டில், சிவகாசியில் ஓர் அச்சகத்தின் மாடியில் இயங்கிய கணிப்பொறிப் பயிற்சி நிலையத்தில் ஒன்றாகச் சேர்ந்தோம். கீழே ஆப்செட் இயந்திரம் நாட்காட்டித் தாள்களை அச்சிட்டுக்கொண்டிருக்கும். அதன் அதிர்வு மேலே எங்கள் மேசையிலும் தெரியும். மூவருக்கும் ஒரே கணிப்பொறி. ஒருவர் சொல்ல, ஒருவர் தட்டச்சிட, ஒருவர் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வோம். அந்தக் குறிப்பேடு இன்றும் எங்களிடம் உள்ளது. துறை மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் எனப் பேராசிரியர் பணித்தபோது அதைப் புரட்டிப் பார்த்தோம். அதிலுள்ள வெற்றிகளைவிடப் பிழைகளே எழுதத் தக்கன என்று தோன்றியது.

தொழில் கற்பதற்காக ஊர்விட்டு ஊர் போவது சிவகாசிக்குப் புதிதன்று. 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்த செய்தி இவ்வட்டாரம் நன்கறிந்தது. தீப்பெட்டியைத் தொடர்ந்து பட்டாசும், அவற்றுக்கு ஒட்டும் வண்ணத்தாளின் பொருட்டு அச்சுத் தொழிலும் இங்கு வேரூன்றின. எங்களுக்கோ கல்கத்தா வேண்டியிருக்கவில்லை. மாடிப்படி ஏறினால் போதுமாயிருந்தது.

முதலில் கற்றது பாக்ஸ்புரோ. கறுப்புத் திரை, அதில் ஆங்கிலப் பெரிய எழுத்தில் பெயர்கள். ஒரு பதிவை நீக்கு என்றால் அது நீங்காது. நீங்கியதாக ஒரு குறி மட்டும் இடும். 'பேக்' என்று தனியே ஆணையிட்டால்தான் உண்மையில் மறையும். வேலையைவிட்டு நின்றவர் பெயரை நீக்கிவிட்டு, மறுவாரம் அவருக்கும் கூலிச்சீட்டு அச்சாகி வந்ததைக் கண்டு நாங்கள் திகைத்ததுண்டு. எங்கள் முதற்பணி சாத்தூர்ச் சாலையிலிருந்த ஒரு பயர் ஆபீசுக்கு வாரக் கூலிப் பட்டியல் தயாரித்துக் கொடுத்தது. பட்டாசு ஆலையை எங்கள் பக்கத்து மக்கள் பயர் ஆபீஸ் என்றும், தீப்பெட்டி ஆலையைத் தீப்பெட்டி ஆபீஸ் என்றுமே வழங்குவர். குழல் சுற்றுவோர், திரி வைப்போர், சரம் பின்னுவோர், பெட்டி அடைப்போர் எனப் பலருக்கும் எண்ணிக்கைக்கேற்ற கூலி. ஆயிரத்துக்கு இவ்வளவு என்பது கணக்கு. செய்த எண்ணிக்கையை ஆயிரத்தால் வகுத்துக் கூலியால் பெருக்க வேண்டும். இந்த ஒரு வரியை மறவாதிருக்குமாறு வாசகரை வேண்டுகிறோம்.

பாக்ஸ்புரோவின் காலம் நீளவில்லை. பலர் ஒரே நேரத்தில் வெவ்வேறு மேசைகளிலிருந்து ஒரே பட்டியலைப் பார்க்க வேண்டும் என்ற தேவை வந்தபோது, முன்தளம் வேறு பின்தளம் வேறு என்னும் முறையைக் கற்கலானோம். விருதுநகர்ப் பருப்புக் கடைகளைப் பார்த்தவர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. வாங்க வருவோர் காண்பது முன்னே உள்ள தராசும் மாதிரித் தட்டும்தான். சரக்கு இருப்பது பின்கட்டுக் கிட்டங்கியில். திரையில் நாம் காண்பது முன்தளம். தரவு அடுக்கியிருக்கும் கிட்டங்கி பின்தளம். இரண்டுக்கும் இடையே ஓடிப்போய்க் கேட்டு வரும் ஆளைப் போன்றது எஸ்.க்யூ.எல். என்னும் வினவல் மொழி.

அம்மொழியின் பிறப்பைக் கேட்டறிந்தபோது இலக்கியம் படித்தவர்க்கு உண்டாகும் வியப்பே எங்களுக்கும் உண்டாயிற்று. 1970ஆம் ஆண்டில் ஐ.பி.எம். ஆய்வாளர் எட்கர் காட், தரவுகளை எளிய அட்டவணைகளாகவும் அவற்றிடையே உள்ள உறவுகளாகவும் வைக்கலாம் என்று ஒரு கட்டுரையில் எழுதினார். அக்கருத்துக்கு மொழி வடிவம் கொடுத்தவர்கள் டொனால்டு சேம்பர்லினும் ரேமண்டு பாய்சும். அவர்தம் கட்டுரை வெளிவந்த 1974ஆம் ஆண்டிலேயே பாய்ஸ் இளவயதில் மறைந்தார். 1986இல் அமெரிக்காவிலும் 1987இல் உலக அளவிலும் அம்மொழிக்குத் தர வரையறை ஏற்பட்டது. ஒரே இலக்கணம், ஆகவே எப்பின்தளத்திலும் ஒரே மொழி செல்லும் என்று எங்கள் பயிற்சி நிலையத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். நாங்களும் நம்பினோம். நெல்லைத் தமிழும் கொங்குத் தமிழும் ஒரே எழுத்துத்தான். ஆயின் ஓரூரில் மரியாதையாகச் சொன்ன சொல் இன்னோரூரில் வசையாகிவிடுவதில்லையா? முதற்பத்துப் பதிவுகள் வேண்டுமெனில் மைஎஸ்க்யூஎல்லுக்கு இறுதியில் 'லிமிட்' என்று சொல்ல வேண்டும். மைக்ரோசாப்டின் எஸ்க்யூஎல் சர்வருக்குத் தொடக்கத்தில் 'டாப்' என்று சொல்ல வேண்டும். இத்தகைய வேறுபாடு பெரிதன்று. தவறினால் பின்தளமே பிழை என்று முகத்தில் அடித்தாற்போலக் கூறிவிடும். பிழை என்று கூறாமல் வேறு விடையைத் தருவனவே எங்களை வருத்தின.

2006இல் அந்தப் பயர் ஆபீசின் கணக்கை மைஎஸ்க்யூஎல்லுக்கு மாற்றினோம். விலையின்றிக் கிடைத்தது, சிறிய கணிப்பொறியிலும் ஓடியது. அதனை உருவாக்கியவருள் ஒருவரான மைக்கேல் விடேனியஸ் தம் மகளின் பெயரான மை என்பதையே அதற்குச் சூட்டினார் என்று அறிந்தபோது அதன்மேல் ஒரு பற்றும் உண்டாயிற்று. ஒருங்குறியின் வரவால் இனிப் பெயர்களைத் தமிழிலேயே எழுதலாம் என்று மகிழ்ந்தோம். கூலி வாங்கும் பெண்கள் தம் பெயரைத் தாமே படித்துக் கையொப்பமிடலாம் அன்றோ! பெயருக்கு எத்தனை எழுத்து இடம் விடுவது என்ற வினா எழுந்தது. எங்களுள் தமிழ் பயின்றவரிடம் அப்பொறுப்பு விடப்பட்டது. அவர் முத்துலட்சுமி என்னும் பெயரை எடுத்துக்கொண்டு விரல்விட்டு எண்ணினார். மு, த், து, ல, ட், சு, மி. ஏழெழுத்து. பத்து விட்டால் தாராளம் என்றார். நாங்கள் ஒப்பினோம்.

இலக்கணப்படி அவர் எண்ணியது சரியே. கணிப்பொறி அப்படி எண்ணுவதில்லை. அதற்கு ம ஒன்று, அதன்மேல் ஏறும் உகரக் குறி மற்றொன்று. த ஒன்று, புள்ளி மற்றொன்று. அவ்வாறு எண்ணினால் முத்துலட்சுமி 13 குறியீடுகள். ஒவ்வொரு குறியீடும் யுடிஎப்-8 முறையில் 3 பைட் ஆதலின் 39 பைட். நம் இலக்கணத்தில் மெய்யே அடிப்படை, அதன்மேல் உயிர் ஏறி உயிர்மெய் ஆகும். ஒருங்குறியிலோ அகரமேறிய உயிர்மெய்யே அடிப்படை, புள்ளி பின்னால் வந்து ஒட்டி அதனை மெய்யாக்குகிறது. நம் துறை மாணவர் ஆராயத்தக்க பொருள் இது. எனினும் அன்று எங்களுக்கு ஆராய நேரமில்லை. பத்துக் குறியீட்டு இடத்தில் 13 குறியீட்டுப் பெயரை இட்டபோது அன்றைய மைஎஸ்க்யூஎல், நாங்கள் நிறுவியிருந்த முறையில், தடுக்கவில்லை. மெல்ல ஓர் எச்சரிக்கையைத் தன் பதிவில் குறித்துக்கொண்டு, 'முத்துலட்ச' என்று வெட்டி வைத்துக்கொண்டது. இதே பெயரைப் போஸ்ட்கிரெஸ் பெற்றிருந்தால் ஏற்க மறுத்திருக்கும், ஆரக்கிளும் மறுத்திருக்கும், எஸ்க்யூஎல்லைட் நீளத்தைப் பொருட்படுத்தாது முழுப்பெயரையும் வைத்திருக்கும். ஒரு பெயருக்கு மூவகை வரவேற்பு. கூலிச்சீட்டில் தம் பெயர் பாதியில் நிற்பதைக் கண்ட பெண்கள் சிலர் சிரித்தனர். பணம் சரியாக இருந்தமையால் எவரும் குறை கூறவில்லை. பிறகு இடத்தை நீட்டித்தோம். ஆயின் முன்னரே வெட்டுண்ட பெயர்கள் நீளவில்லை. அவற்றைக் கேட்டுக் கேட்டுத் திருத்துவதை அடுத்த மாதம், அடுத்த மாதம் எனத் தள்ளிவைத்தோம்.

பெயர்களை அகரவரிசையில் அடுக்கியதிலும் ஒரு வேடிக்கை நேர்ந்தது. அம்சவல்லி, அய்யம்மாள், அன்னம்மாள் என்பதே நம் வரிசை. னகரம் மெய்களுள் இறுதி. ஒருங்குறி எண்களின்படி அடுக்கினால் னகரம் நகரத்தின் அருகே வந்து அமர்ந்துவிடுவதால் அன்னம்மாள் முதலில் வந்து நின்றார். அதற்கென்று ஒரு தனிப் பத்தி அமைத்துச் சரிசெய்தோம். தமிழ் படித்தவருக்கு அன்று இழந்த மதிப்பில் ஒரு பகுதி மீண்டது.

2012 தொடக்கத்தில் பின்தளத்தை மீண்டும் மாற்ற நேர்ந்தது. காரணம் மின்வெட்டு. அவ்வாண்டு எங்கள் மாவட்டத்தில் மின்சாரம் எப்பொழுது வரும், எப்பொழுது போகும் என்று எவராலும் சொல்ல இயலவில்லை. எங்கள் மைஎஸ்க்யூஎல் பழைய பதிப்பு. அதன் அட்டவணைகள் மைஐசாம் என்னும் வகையின. தொடர்ந்து செய்யும் பல மாற்றங்களை ஒரே செயலாகக் கட்டி, முழுதும் நிறைவேறினால் ஏற்க, இல்லையேல் முழுதும் கைவிட, அவ்வகையில் வழியில்லை. ஒரு சனிக்கிழமை மாலை, கூலி வரவு வைக்கும்போது மின்சாரம் நின்றது. யு.பி.எஸ்.சும் கைவிட்டது. மீண்டும் திறந்து பார்த்தால் பாதிப் பேருக்குக் கூலி வைத்திருந்தது, மீதிப் பேருக்கு இல்லை. எந்தப் பாதி என்பதைக் காகிதச் சீட்டைக் கொண்டு நள்ளிரவு வரை ஒப்பிட வேண்டியதாயிற்று. கலிபோர்னியாவின் பெர்க்கிலிப் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் 1986இல் தொடங்கிய ஆய்விலிருந்து வளர்ந்த போஸ்ட்கிரெஸ்எஸ்க்யூஎல் இத்தகைய இடரைத் தாங்கும் என்று கேள்வியுற்று, அதற்கு மாறினோம். உண்மையிலேயே தாங்கியது. மின்சாரம் எத்தனை முறை போனாலும், திறந்தால் கூலி ஒன்று முழுதாக இருக்கும், அல்லது தொடங்காததுபோல் இருக்கும். நாங்கள் பெருமிதத்தோடு இருந்தோம்.

மூன்றாம் சனிக்கிழமை, கூலி வாங்கிக்கொண்ட ஓர் அம்மையார் போகாமல் நின்றார். குழல் சுற்றுபவர், வயது ஐம்பதுக்கு மேல் இருக்கும். எழுதப் படிக்கத் தெரியாதவர். தம் தூக்குச்சட்டியிலிருந்து ஒரு துணி முடிப்பை எடுத்துக் கணக்குப்பிள்ளையின் மேசைமேல் அவிழ்த்தார். உள்ளே புளியங்கொட்டைகள். ஐம்பது குழலுக்கு ஒரு கொட்டை என்று அவர் நாள்தோறும் எண்ணி வைத்து வந்திருக்கிறார்.

"அண்ணாச்சி, இது நேத்து ஒரு நா கணக்கு. அம்பத்தேழு கொட்ட இருக்கு. எண்ணிப் பாருங்க. தம்பிமாரு வச்ச மிசினு ரெண்டாயிரத்துக்குத்தான் காசு குடுத்திருக்கு."

கணக்குப்பிள்ளை எண்ணினார். 57. அதாவது 2,850 குழல். எங்கள் அட்டவணையிலும் 2,850 என்றே பதிவாகியிருந்தது. எண்ணிக்கையில் தவறில்லை. கூலியில்தான் தவறு.

எங்களுள் கணிதம் பயின்றவர் அன்றிரவு அதனைக் கண்டுபிடித்தார். 2,850 என்பது முழு எண்; 1,000 என்பதும் முழு எண். முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் போஸ்ட்கிரெஸ் முழு எண்ணையே விடையாகத் தரும்; மிச்சத்தை விட்டுவிடும். 2,850ஐ 1,000ஆல் வகுத்தால் அதற்கு 2. மைஎஸ்க்யூஎல்லோ 2.85 என்று தரும். பாக்ஸ்புரோவும் அப்படியே தந்தது. ஆதலால் பதினைந்து ஆண்டுகளாக அந்த ஒரு வரியை நாங்கள் தொடவேயில்லை. தளம் விட்டுத் தளம் அப்படியே எடுத்துச் சென்றோம். எஸ்க்யூஎல் சர்வரிலும் எஸ்க்யூஎல்லைட்டிலும் 2 என்றுதான் வரும், ஆரக்கிளில் 2.85. எடுத்துக்காட்டாக ஆயிரத்துக்கு 60 ரூபாய் எனக் கொண்டால், அவருக்குச் சேர வேண்டியது 171 ரூபாய். போஸ்ட்கிரெஸ் கணக்கிட்டது 120 ரூபாய். நாளொன்றுக்கு 51 ரூபாய் வீதம் ஆறு நாளுக்கு 306 ரூபாய். ஆயிரத்துக்குக் குறைவாகச் செய்த நாளில் ஒருவர் கூலி சுழியமே! அவ்வாறு சுழியம் வந்தவர்கள் இருந்தார்கள். புதிதாகச் சேர்ந்த சிறு பெண்களும், கை தளர்ந்த மூதாட்டியரும்தாம் அவர்கள். கணக்கில் ஏதோ பிடித்தம் போலும் என்று எண்ணி வாய்திறவாது போயிருக்கிறார்கள்.

சோதித்துப் பார்க்கவில்லையா என்று வாசகர் வினவலாம். பார்த்தோம். நாங்கள் இட்டுப் பார்த்த எண்கள் 1,000, 2,000, 3,000. எளிதில் சரிபார்க்கலாம் என்பதற்காக அவ்வாறு தேர்ந்தெடுத்தோம். வகுத்தற் குறியின் முன்னால் 1.0 என்று ஒரு பெருக்கலைச் சேர்த்ததும் எல்லாம் சரியாயிற்று. திருத்தத்துக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. குறிப்பேட்டில் அத்திருத்தம் அரை வரி. ஆலை முதலாளி எங்களைக் கடிந்துகொண்டார், அது நியாயமே. எனினும் மூன்று வாரப் பாக்கியையும் அடுத்த சனிக்கிழமையே கொடுத்துவிடுமாறு பணித்தார். புளியங்கொட்டை அம்மையாரிடம் மன்னிப்புக் கேட்கப் போனோம். "மிசினு என்ன செய்யும்? குடுத்தத எண்ணுது" என்று அவர் எங்களை விட்டுவிட்டார்.

அதே ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்தை இவ்வட்டாரத்தார் மறத்தல் இயலாது. முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். உதவவும் பார்க்கவும் ஓடி வந்தவர்களும் அவர்களுள் பலர். அதன்பின் எங்கள் பயர் ஆபீசிலும் ஒரு வினா எழுந்தது. இந்த நொடியில் உள்ளே இருப்போர் எத்தனை பேர்? எந்தெந்த அறையில்? உள்ளே வந்த நேரம், வெளியே சென்ற நேரம் என இரு பத்திகள் வருகை அட்டவணையில் இருந்தன. வெளியே சென்ற நேரம் காலியாக உள்ளோரை எண்ணினால் விடை கிடைத்துவிடும் என எளிதாக எண்ணினோம். தரவுத்தளத்தில் காலியிடத்துக்கு 'நல்' என்று பெயர். அதன் பொருள் 'இல்லை' என்பதன்று, 'தெரியவில்லை' என்பது. அவர் இன்னும் வெளியே செல்லவில்லையா, சென்றும் வாயிற்காவலர் எழுத மறந்தாரா? ஒரே காலியிடம் இரண்டுக்கும். முதல் நாள் மாலை ஆலையைப் பூட்டிய பின்னும் உள்ளே 23 பேர் இருப்பதாக எங்கள் திரை காட்டியது. ஆகவே, போர்மேன் மாலையில் நேரில் சென்று பார்த்து ஒப்பமிட வேண்டும் என்று மற்றொரு பத்தியைச் சேர்த்தோம். கணிப்பொறி அறிந்ததும் மனிதர் கண்டதும் தனித்தனியே இருக்கட்டும் என்பது எங்கள் கருத்து. இதில் ஆரக்கிளின் போக்கு தனி. எழுத்தில்லாத வெற்றுச் சொல்லையும் அது 'நல்' என்றே கொள்ளும். விருதுநகரில் ஒரு வணிகர்க்கு அதில் பணிசெய்தபோது, முகவரி வெறுமையாய் உள்ளோர் யாவர் என்று பழைய பழக்கத்தில் வினவினோம். ஒருவருமில்லை என்று விடை வந்தது. எல்லாம் நிரம்பிவிட்டன என்று அவரிடம் சொல்லியும் விட்டோம்.

2018 அக்டோபர் 23ஆம் நாள் உச்ச நீதிமன்றம் பட்டாசில் பேரியம் உப்புகளைத் தடைசெய்து, சரவெடிக்கும் தடை விதித்தபோது மீண்டும் எங்களை அழைத்தார்கள். எந்தப் பட்டாசில் எந்த மருந்து சேர்கிறது என்ற அட்டவணையும், எவர் எந்தப் பட்டாசில் வேலை செய்கிறார் என்ற அட்டவணையும் வெவ்வேறாக இருந்தன. இரண்டையும் இணைத்து ஒரே வினவலில் கேட்டோம். பச்சை நிறம் தருவதோடு பேரியம் நின்றுவிடுவதில்லை. கம்பி மத்தாப்பு, பூச்சட்டி, தரைச்சக்கரம் என எங்கும் அது கலந்திருந்தது. சரம் பின்னுவோரும் உடன் சேரவே, விடையாக வந்த பெயர்ப் பட்டியல் பல பக்கங்கள் நீண்டது. கணக்குப்பிள்ளை அச்சுப்பொறியில் தாள் தீர்ந்துவிட்டது என்றார். அடுத்த மாதத்தில் வட்டாரத்து ஆலைகள் மூடப்பட்டன. பல மாதங்கள் அவர்களுக்கு வேலையில்லை. எங்கள் வினவலில் பிழை ஏதுமில்லை.

மீண்டும் 2012க்கு வருகிறோம். மூன்று வாரப் பாக்கியைக் கொடுக்கத் தொடங்கியபோது அனைவரும் பெற்றுக்கொண்டனர், ஒருவரைத் தவிர. அவர் அந்த மூன்று வாரத்துக்குள் வேலையைவிட்டு நின்றுவிட்டார். அவர் யாரென அறியப் பதிவைத் திறந்தோம். பத்துக் குறியீட்டோடு வெட்டுண்ட பழைய பெயர்களுள் ஒன்று அது. தந்தை பெயரும் கணவர் பெயரும் காலி. முகவரியில் ஊர்ப்பெயர் மட்டும் இருந்தது. அவ்வூரில் அந்தத் தொடக்கமுடைய பெயரில் பலர் உண்டு. கணக்குப்பிள்ளை இருமுறை ஆள் அனுப்பினார். எங்களுள் வணிகவியல் பயின்றவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை மிதிவண்டியில் போய்த் தெருத்தெருவாகக் கேட்டு வந்தார். வெம்பக்கோட்டைப் பக்கம் வேலைக்குப் போய்விட்டதாக ஒருவரும், திருப்பூருக்குக் குடிபெயர்ந்ததாக மற்றொருவரும் கூறினர். இருவரும் ஒரே பெண்ணைத்தான் கூறினார்களா என்பதும் உறுதியில்லை.

அவருக்குச் சேர வேண்டியது 743 ரூபாய். அப்பயர் ஆபீசின் தரவு அதன்பின் இருமுறை புதிய பதிப்புக்கும் ஒருமுறை வேறு பின்தளத்துக்கும் மாறியது. ஒவ்வொரு முறையும் மாற்றம் முடிந்ததும் நாங்கள் முதலில் தேடிப் பார்ப்பது அந்தப் பதிவைத்தான். 'முத்துலட்ச' என்பது போன்ற அந்த அரைப் பெயரும், பாக்கி 743.00 என்பதும், பெற்ற தேதிப் பத்தியில் காலியிடமும் அப்படியே வந்து சேர்ந்திருக்கின்றன.